வெளியே வாங்கிய நூல்

பேருந்து ஓட்டுநரின் கட்டைப் பிரித்தபோது, கண்ணுக்கு முன்பாக மூக்குக்குத்தான் தெரிந்தது. அழுகத் தொடங்கிய பழத்தின் இனிப்பு வாடை. டாக்டர் பஞ்சை எடுத்துப் பார்த்தார், இளம்பச்சைக் கறை. தையலைச் சுற்றித் தோல் சிவந்து வீங்கியிருந்தது. ஒரு முடிச்சின் ஓரத்தில் விரலால் மெல்ல அழுத்தினார். அங்கே ஒன்றும் வரவில்லை. அடுத்த முடிச்சில் கசிந்தது. நூல் போன வழியிலேயே சீழும் போயிருந்தது.

"என்ன டாக்டர், வண்டி எடுக்கலாமா?" என்று குப்புறப் படுத்தபடியே ஓட்டுநர் கேட்டார்.

இன்னும் கொஞ்ச நாள் ஆகும் என்றார் டாக்டர். இதையேதான் அண்மையில் குடல்வால் எடுத்த தச்சரிடமும், கழுத்துக் கட்டியை எடுத்துக்கொண்ட வங்கிப் பெண்ணிடமும் சொல்லியிருந்தார். மூன்று பேருமே நல்ல உடம்புக்காரர்கள். சர்க்கரை கிடையாது, மருந்தைத் தவறவிடுகிறவர்களும் இல்லை. ஆப்பரேஷன் முடிந்து சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள். ஒரு வாரம் ஆவதற்குள் மூக்கைச் சுளித்துக்கொண்டு திரும்பி வந்திருந்தார்கள்.

அது இரண்டு மாடி ஆஸ்பத்திரி. கீழே வெளிநோயாளிகள், மருந்துக்கடை, ஸ்டோர். மேலே படுக்கைகளும் ஆப்பரேஷன் தியேட்டரும். கத்தி பிடிப்பவர் அண்ணன்; ஊசி முதல் ஆக்சிஜன் சிலிண்டர் வரை வாங்கி வைப்பவர் தம்பி. வேலை செய்பவர்கள் அண்ணனைப் பெரியவர் என்றும் தம்பியைச் சின்னவர் என்றும் சொல்வார்கள். சின்னவருக்கு வயது ஐம்பதைத் தொட்டு, தலையில் முடியும் போய்விட்டிருந்தது. ஆனாலும் சின்னவர்தான்.

தையல் நூலின் கம்பெனியை மாற்றியது சின்னவர். பழைய கம்பெனி நூல் சரியான நேரத்துக்கு வருவதில்லை என்று காரணம் சொன்னார். புது நூலை முதல்முறை கையில் எடுத்தபோதே பெரியவர் முகம் சுளித்தார். முறுக்கு முறுக்காக நின்றது. முடிச்சுப் போட்டால் அடங்கி உட்காராமல் காலைத் தூக்கியது. கொஞ்சம் வெதுவெதுப்பான சலைனில் நனைத்து வைத்தால்தான் வழிக்கு வந்தது. "என்னடா, கம்பி மாதிரி இருக்கு?" என்று தம்பியிடம் கேட்டார். அதே சரக்குதான், உறைதான் வேறு என்றார் தம்பி. அதற்குப் பிறகுதான் காயங்கள் கசியத் தொடங்கின.

பெரியவர் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு நூல் பாக்கெட்டை மேசை விளக்கின் கீழே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுத்துகள் நேராக இருந்தன. தேதி இருந்தது. ஒட்டிய ஓரம் பிரியவில்லை. எல்லாம் சரியாக இருந்ததே அவருக்குக் கொஞ்சம் அதிகமாகப் பட்டது. போலிச் சரக்கு செய்கிறவன் முதலில் உறையைத்தானே ஒழுங்காகச் செய்வான்?

ஒருமுறை சந்தேகம் வந்தபின் கண்ணுக்கு வேலை கூடிவிடும். ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பின்னால் தம்பியும் நூல் கம்பெனி ஆளும் தலையோடு தலை சேர்த்துப் பேசிக்கொண்டிருந்ததை மாடி ஜன்னலிலிருந்து பார்த்தார். ஸ்டோரில் உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டே பேசக்கூடிய விஷயம்தானே? கொட்டகைக்குப் பின்னால் என்ன? படியிறங்கி அங்கே போவதற்குள் கம்பெனி ஆள் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். தம்பி அண்ணனைப் பார்த்ததும் ஜெனரேட்டரைத் தட்டி, டீசல் கசிவதுபோல் இருக்கிறது என்றார். டீசல் கசியவில்லை.

இன்னொரு நாள் தம்பியின் சட்டைப்பையில் நூல் பாக்கெட்டின் நுனி தெரிந்தது. வீட்டுக்குக் கிளம்பும் நேரம் அது. நூலை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் என்ன செய்வான்? போன் வந்தால் இப்போதெல்லாம் எழுந்து வாசலுக்குப் போகிறான். அண்ணனின் கையை அடிக்கடி பார்க்கிறான். அதுவும் அண்ணன் பார்க்காத நேரமாகப் பார்த்து.

இதையெல்லாம் நேரடியாகக் கேட்டிருக்கலாம். கேட்டால் ஏதாவது ஒரு பதில் வரும். வந்த பதிலை நம்புவதா வேண்டாமா என்பது அப்புறம் ஒரு தனி வேலை. பெரியவர் கேட்கவில்லை.

மனைவியிடம் மட்டும் சொன்னார். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். சொல்லி முடித்ததும், தன் கொழுந்தன் கொஞ்ச நாளாகவே முகம் பார்த்துப் பேசுவதில்லை என்றாள். பிறகு, "தப்பு பண்றவர் இல்லைங்க அவர்" என்றாள். இன்னொரு துணியை எடுத்து உதறிவிட்டு, "ஆனா யாரு என்னன்னு யாருக்குத் தெரியும்" என்றும் சேர்த்துக்கொண்டாள். பெரியவர் மனதில் இரண்டாவது வாக்கியம்தான் நின்றது.

ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சாரியில் இருந்தது பரிசோதனைக்கூடம். அதை நடத்திய கிருமியியல் டாக்டரை இரண்டு பக்கத்தாரும் லேப் மேடம் என்றார்கள். சிரிப்பதற்கு நேரம் இல்லாதவர்போல் தோன்றும், ஆனால் உள்ளுக்குள் எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டிருக்கும் பெண்மணி. பெரியவர் உறை பிரிக்காத பாக்கெட்டுகளைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தார். நூலில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தம்பிக்குத் தெரிய வேண்டாம் என்றார். மேடம் பாக்கெட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சரி என்று மட்டும் சொன்னார்.

சில நாட்களில் முடிவு வந்தது. நூல் சுத்தம். அதில் எதுவும் வளரவில்லை.

"எல்லாப் பாக்கெட்டும் ஒரே மாதிரி இருக்கும்னு என்ன நிச்சயம்?" என்றார் பெரியவர்.

காயங்களிலிருந்து எடுத்ததில் மூன்றிலும் ஒரே கிருமிதான் வளர்ந்திருக்கிறது என்று மேடம் விளக்கினார். ஈரம் இருக்கும் இடத்தில் குடியிருக்கும் கிருமி. குழாய், தொட்டி, பூச்செடித் தட்டு என்று தண்ணீர் தேங்கும் எங்கும் வாழும். காய்ந்த உறைக்குள் இருக்கும் நூலில் அது இருப்பது அபூர்வம். அதோடு இன்னொன்றையும் கேட்டார். வாரம் இருமுறை வந்து அதே தியேட்டரில் பிரசவ ஆப்பரேஷன் செய்யும் பெண் டாக்டரும் அதே ஸ்டோரின் அதே நூலைத்தானே எடுக்கிறார்? அவருடைய நோயாளிகளில் ஒருவருக்குக்கூட ஏன் கசியவில்லை?

"அவங்ககிட்ட வர்றவங்க எல்லாம் சின்ன வயசு. சீக்கிரம் ஆறிடும்."

"உங்க வங்கிப் பொண்ணுக்கு என்ன வயசு டாக்டர்?"

பெரியவருக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. கைகழுவும் குழாய்களைச் சோதிக்கச் சொன்னார், சோதித்தார்கள், அவை சுத்தமாக இருந்தன. அப்படியானால் நூல் முறுக்கும் தொழிற்சாலையில் தண்ணீர் இருக்காதா என்று திரும்பவும் நூலுக்கே வந்து சேர்ந்தார். எந்தப் பக்கம் நடந்தாலும் அவர் கால் ஸ்டோர் வாசலில் போய் நின்றது. அங்கே தம்பி கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு அட்டைப்பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

மாதம் முடிந்ததும் ஸ்டோரை வேறு ஆளிடம் கொடுத்துவிடலாம் என்று பெரியவர் தீர்மானித்தார். தம்பியை வீட்டில் உட்காரச் சொல்லலாம். காரணம் சொல்லாமல் எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் அக்கா வந்தாள்.

அக்கா இருவருக்கும் மூத்தவள். டிரைவிங் ஸ்கூல் நடத்தினாள். ஓட்டத் தெரியாதவர்கள் பக்கத்தில் நாளெல்லாம் உட்கார்ந்து, கூடுதல் பிரேக்கை மிதித்து மிதித்து, உலகத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது என்ற முடிவுக்கு வந்திருந்தவள். அவள் முதுகில், தோள்பட்டைக்குக் கீழே ஒரு கொழுப்புக்கட்டி நெடுநாளாக இருந்தது. இப்போது பெருத்து, இருக்கையில் சாய்ந்தால் வலித்தது.

கொஞ்சம் பொறுத்துக்கொள், இப்போது வேண்டாம் என்று பெரியவர் சொல்லிப் பார்த்தார். வேறு ஆஸ்பத்திரியில் நல்ல டாக்டர் இருக்கிறார் என்றும் சொன்னார்.

"தம்பி டாக்டர், ஆனா அக்கா வேற ஆஸ்பத்திரில படுத்திருக்கான்னா என்கிட்ட ஓட்டக் கத்துக்க வர்றவன் என்ன நினைப்பான்? என்னால சொந்தக் கார்ல ஏற பயப்படற மெக்கானிக் மாதிரி இருக்க முடியாதுடா" என்றாள் அக்கா. "என்ன, உனக்குக் கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சா?"

கை நடுங்கவில்லை என்று காட்டுவதற்காகவே நாள் குறித்தார். ஆனால் அவர் மனதில் ஒரு ஏற்பாடு இருந்தது. ஆப்பரேஷனுக்கு முந்தைய நாள் தானே காரை ஓட்டிக்கொண்டு ஊரின் மறுகோடியிலிருந்த பெரிய மொத்தக் கடைக்குப் போனார். பழைய கம்பெனி நூலை உறை பிரிக்காத பெட்டியாகக் கேட்டு வாங்கினார். அதைப் பையில் வைத்து, பையை வீட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினார். பூட்டிவிட்டு, தன் வீட்டு அலமாரியை யாருக்காகப் பூட்டுகிறோம் என்று ஒரு கணம் நின்றார்.

மறுநாள் காலை தியேட்டரில் அக்கா குப்புறப் படுத்திருந்தாள். சின்னவர் வழக்கம்போல் அன்றைய சாமான் தட்டைக் கொண்டுவந்து தியேட்டர் வாசலில் கொடுத்தார். தட்டை வாங்கிக்கொண்ட தியேட்டர் சிஸ்டர், மேசைமேல் பெரியவர் கொண்டுவந்து வைத்திருந்த நூல் பெட்டியையும் பார்த்தார். பல வருஷமாக அங்கேயே வேலை செய்பவர். மனதில் இருப்பதை வாயில் நிறுத்தத் தெரியாதவர்.

"சார், இது நம்ம ஸ்டோர் சரக்கு இல்லையே?"

வாசலில் நின்ற சின்னவர் பெட்டியின் பெயரைப் படித்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மறுபடியும் படித்தார்.

"ஸ்டாக்குல ஏத்தணுமா அண்ணா?" என்றார்.

"வேண்டாம்."

சின்னவர் தலையை ஆட்டிவிட்டுக் கதவைச் சத்தம் வராமல் சாத்திக்கொண்டு போனார். முகக்கவசத்துக்குள் பெரியவரின் முகம் சூடாக இருந்தது. ஆனால் கை சரியாக வேலை செய்தது. கட்டி முழுசாக வந்தது. உள்ளே ஓர் அடுக்கு, மேலே ஓர் அடுக்கு என்று தைத்தார். நூல் மிருதுவாக, சொன்ன பேச்சு கேட்டு உட்கார்ந்தது. நல்ல நூல் என்றால் இதுதான் என்று எண்ணிக்கொண்டார்.

அடுத்த சில நாட்கள் அண்ணன் தம்பி இருவரும் படிக்கட்டில் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டார். சின்னவர் ஸ்டோர் கதவை எப்போதும் அகலத் திறந்தே வைத்திருந்தார். யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து பார்த்துக்கொள்ளலாம் என்பதுபோல.

ஆறாம் நாள் அக்காவின் கட்டைப் பிரிப்பதற்கு முன்பே பெரியவருக்கு வாடை தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் பிளாஸ்திரியை மெதுவாக, மிக மெதுவாகப் பிரித்தார். பஞ்சில் இளம்பச்சை.

"என்னடா சத்தத்தையே காணோம்?" என்றாள் அக்கா, தலையணையில் முகத்தை வைத்தபடி. "நின்னுக்கிட்டே தூங்கிட்டியா?"

"கொஞ்சம் சீழ் பிடிச்சிருக்கு அக்கா."

"கொஞ்சம்னா எவ்வளவு? எனக்குப் பின்னாடி கண்ணாடி கிடையாது. சொன்னாத்தான் தெரியும்."

தையலைப் பிரித்துத் திறந்துவிட வேண்டும் என்றார். திறந்தார். வெளியே வாங்கிய, பூட்டி வைத்த, தம்பியின் விரல் படாத நூலைத் துண்டு துண்டாகக் கத்தரித்து எடுத்துத் தட்டில் போட்டார். ஒவ்வொரு துண்டும் பச்சையில் ஊறியிருந்தது. தம்பி இல்லை என்பது அப்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது. அதில் நிம்மதி வர வேண்டும். வந்தது வேறொன்று. ஸ்டோரைக் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பது தியேட்டர். தியேட்டரில் மிச்சம் இருப்பது தன்னுடைய கை.

கையுறையைக் கழற்றியதும் நேராக லேப் மேடத்திடம் போனார். தன் மூக்கிலும் கையிலும் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும்படி கேட்டார். மேடம் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, இனிமேல் இதை மறைப்பதில் அர்த்தம் இல்லை என்றார்.

"இதைக் கேட்கற ரெண்டாவது ஆள் நீங்க டாக்டர். முதல் ஆள் உங்க தம்பி."

சின்னவர் இரண்டு தடவை நூலைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். சரக்கில்தான் கோளாறோ என்று முதலில் அவரே பயந்தார். கம்பெனி ஆளைப் பிடித்துத் தனியாக விசாரித்தார். நூல் சுத்தம் என்று தெரிந்ததும், அப்படியென்றால் அண்ணன்தான் கிருமியைச் சுமக்கிறாரோ என்ற சந்தேகம் அவருக்கு வந்தது. சிலருக்கு மூக்கிலேயே இருக்கும், அவர்களுக்கே தெரியாது என்று எங்கேயோ படித்திருந்தார்.

"உங்களுக்குத் தெரியாம டெஸ்ட் பண்ண வழியிருக்கான்னு கேட்டார். நீங்க குடிச்ச காபி கப் போதுமான்னார். போதாதுன்னேன்."

"ஏன் மேடம் என்கிட்ட சொல்லல?"

"ரெண்டு பேருமே அடுத்தவருக்குத் தெரிய வேண்டாம்னீங்க. நான் எந்தப் பக்கம் துரோகம் பண்றது?"

மூக்கைப் பார்ப்பதற்கு முன் தியேட்டரைப் பார்க்கிறேன் என்றார் மேடம். எதையும் மாற்றாமல், வழக்கமாகச் செய்வதை அப்படியே செய்ய வேண்டும். உண்மையான ஆப்பரேஷன் வேண்டாம். நோயாளி படுக்கும் இடத்தில் ஒரு தலையணை போதும்.

மறுநாள் தலையணையைப் படுக்க வைத்து, பச்சைத் துணி போர்த்தி, எல்லோரும் கவசம் மாட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. பெரியவர் தலையணைக்கு மேலே காற்றில் வெட்டினார். சிஸ்டர் கருவிகளை நீட்டினார். எல்லாம் சரியாக நடந்தது. ஒவ்வொன்றும் புத்தகத்தில் உள்ளபடி. தைக்கும் கட்டம் வந்ததும் பெரியவர் கையை நீட்டினார். சிஸ்டரின் கண்ணசைவில் உதவி நர்ஸ் மூலைக்குப் போனாள். அங்கே மேசைக்கடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பில் வெதுவெதுப்பான தண்ணீர் இருந்தது. சலைன் பாட்டில்கள் அதில் மிதந்துகொண்டிருந்தன. உடம்பில் ஏற்றும் சலைன் சில்லென்று இருந்தால் நோயாளிக்கு நடுக்கம் வரும் என்பதற்காக எப்போதும் இருக்கும் டப் அது. அவள் ஒரு பாட்டிலை எடுத்து, துணியால் ஒரு துடை துடைத்து, வாயை வெட்டி, உயரத்திலிருந்து கிண்ணத்தில் ஊற்றினாள். சிஸ்டர் உறையைப் பிரித்து நூலைக் கிண்ணத்தில் போட்டார்.

"இது எதுக்கு?" என்று மேடம் கேட்டார்.

"பெரியவருக்கு நூல் முறுக்கா இருந்தா பிடிக்காது மேடம். நனைச்சுக் குடுக்கணும்" என்றார் சிஸ்டர்.

"எல்லா டாக்டருக்கும் இப்படித்தானா?"

"பிரசவ டாக்டர் உறையிலிருந்து அப்படியே எடுத்துக்குவாங்க. இவருக்கு மட்டும்தான். அதுவும் புது நூல் வந்ததிலிருந்துதான்."

"டப்புல தண்ணி எப்ப மாத்துவீங்க?"

சிஸ்டர் உதவி நர்ஸைப் பார்த்தார். உதவி நர்ஸ் தலையணையைப் பார்த்தாள். குறைந்தால் ஊற்றுவோம் என்று கடைசியில் சிஸ்டர்தான் சொன்னார். பாட்டிலுக்குள் இருப்பது சுத்தமானதுதானே என்றும் கேட்டார். யாரும் மறுக்கவில்லை. உள்ளே இருப்பது சுத்தம்தான். வெட்டிய வாயின் விளிம்பிலும் கழுத்தின் பள்ளத்திலும் டப் தண்ணீர் தங்கியிருந்தது. ஊற்றும்போது அதுவும் இரண்டு சொட்டாகக் கிண்ணத்தில் இறங்கியதை மேடம் பார்த்திருந்தார். நோயாளியின் கையில் ஏற்றும்போது பாட்டிலின் ரப்பர் வாயைத் துடைத்து ஊசி குத்துவார்கள். வெளித்தண்ணீர் உள்ளே போக வழியில்லை. கிண்ணத்தில் ஊற்றத் தொடங்கிய பிறகுதான் வழி திறந்தது.

டப்பிலிருந்தும் கிண்ணத்திலிருந்தும் மேடம் மாதிரி எடுத்துக்கொண்டார். ஊறிய நூலையும் ஒரு துண்டு வெட்டி வாங்கிக்கொண்டார். மூன்றிலும் அதே கிருமி பச்சையாக வளர்ந்தது. ஒற்றை இழை நூலாக இருந்திருந்தால் இந்த அளவுக்கு ஆகியிருக்காது என்று பிறகு சொன்னார். இது நுண்ணிய இழைகளைப் பின்னிச் செய்த நூல். விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல் தண்ணீரை இழுத்து இழைகளுக்கு நடுவே வைத்துக்கொள்ளும். கிருமி அந்த இடுக்கில் உட்கார்ந்துகொண்டால் உடம்பின் காவல்காரர்களுக்கு உள்ளே நுழைய இடம் கிடைக்காது.

அக்காவுக்கு வாங்கிய பழைய கம்பெனி நூலும் பின்னியதுதான், ஆனால் நனைக்கவே தேவையில்லாதது. கிண்ணம் தயாராக இருந்தது, சிஸ்டர் போட்டார், பெரியவர் எடுத்தார். அன்று நூல் மிருதுவாக இருக்கிறது என்று தான் மெச்சிக்கொண்டது அவருக்கு நினைவு வந்தது.

சிஸ்டருக்கு வேலை போய்விடுமோ என்ற பயம். கண் கலங்கி நின்றார். நனைக்கச் சொன்னது நான், நீங்கள் இல்லை என்று எல்லோர் முன்னிலையிலும் பெரியவர் சொன்னார். டப் அன்றே வெளியே போனது. கசிந்த காயங்களுக்கு உரியவர்களைக் கூப்பிட்டு, தவறு எங்கே நடந்தது என்று அவரே சொன்னார். தச்சர் சத்தம் போட்டார். வங்கிப் பெண் எழுதிக் கொடுக்கச் சொன்னாள், எழுதிக் கொடுத்தார். ஓட்டுநர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சொல்லாம இருந்திருந்தா நான் என் வீட்டுக்காரியைத்தான் திட்டிக்கிட்டு இருந்திருப்பேன், கட்டை ஈரம் பண்ணிட்டான்னு" என்றார்.

தம்பியிடம் சொல்வதுதான் பாக்கி. தியேட்டரில் நடந்தது ஆஸ்பத்திரி முழுக்கத் தெரிந்துவிட்டது, சின்னவருக்கும் தெரியும். ஆனால் அண்ணன் வாயால் அதை அவர் இன்னும் கேட்கவில்லை. ஸ்டோர் கதவு மட்டும் அகலத் திறந்தே இருந்தது.

அக்காவின் காயத்துக்கு இப்போது தினமும் கட்டு மாற்ற வேண்டும். திறந்த குழியில் ஈரமான காஸ் துணியை நாடாவாக மடித்து அடைத்து வைப்பார்கள். சின்னவரும் அந்த நேரத்துக்கு வருவார். தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அக்காதான் அப்படி உத்தரவு போட்டிருந்தாள். தனக்கு முதுகு தெரியாது, ஒருவன் சொல்வதை இன்னொருவன் சரிபார்க்க வேண்டும் என்பது அவள் வாதம்.

"தச்சு மூடிடேன்டா. எவ்வளவு நாள் இப்படியே கிடக்கறது?" என்றாள் ஒரு நாள்.

மேலே மூடினால் உள்ளே சீழ் கட்டும், அடியிலிருந்து தானாக வளர்ந்து வர வேண்டும் என்றார் பெரியவர். சொல்லிவிட்டு, கையில் இடுக்கியோடு அப்படியே நின்றார்.

"நான் உன்னைத்தான் சந்தேகப்பட்டேன்" என்றார் தம்பியிடம். "நீ போலி நூல் வாங்கறேன்னு நினைச்சேன். மாசம் முடிஞ்சதும் உன்னை அனுப்பிடலாம்னு இருந்தேன்."

"பெட்டியைப் பாத்தப்பவே தெரியும் அண்ணா."

"நீயும் என் மூக்கை டெஸ்ட் பண்ணக் கேட்டியாமே."

"ஆமா. காபி கப்பைக்கூட எடுத்து வச்சேன்."

தலையணைக்குள்ளிருந்து அக்கா சிரித்தாள். சிரித்ததில் முதுகு குலுங்கி, வலித்து, "ஐயோ" என்றாள். "கூடப் பிறந்தவங்கடா நீங்க. ஒருத்தன் மூக்கு மேல இன்னொருத்தனுக்குச் சந்தேகம்."

சின்னவர் சிரிக்கவில்லை. தட்டைக் கீழே வைக்காமலே பேசினார். வேறு ஆஸ்பத்திரியில் கூப்பிடுகிறார்கள், போன் அங்கேயிருந்துதான் வந்துகொண்டிருந்தது, இதுவரை முடிவு சொல்லவில்லை என்றார்.

"கோவம் எல்லாம் இல்லை அண்ணா. நாளைக்கு இங்க ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நீங்க முதல்ல என் ஸ்டோரைத்தான் பாப்பீங்க. நான் உங்க கையைத்தான் பாப்பேன். எப்படி ஒண்ணா வேலை செய்யறது?"

பெரியவர் போகாதே என்று சொல்ல வாயெடுத்தார். அதைச் சொல்லும் உரிமை தன்னிடம் இருக்கிறதா என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டார்.

"எப்ப சொல்லணும் அவங்ககிட்ட?" என்று அக்காதான் கேட்டாள்.

"உன் காயம் ஆறட்டும், அப்புறம் சொல்றேன்னு சொல்லியிருக்கேன். அதுவரைக்கும் தட்டுப் பிடிக்க ஆள் வேணும்ல."

"அப்ப இது மெதுவாவே ஆறட்டும்" என்றாள் அக்கா. "எனக்கு ஒண்ணும் அவசரம் இல்லை."

அதன்பின் தினமும் காலையில் மூவரும் அந்த அறையில் கூடினார்கள். பெரியவர் காஸ் துணியை நாடாவாக எடுத்து, இடுக்கியால் கொஞ்சம் கொஞ்சமாகக் குழியில் வைப்பார். மிச்சத்தை வெட்டித் தட்டில் போடுவார். சின்னவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்ப்பார்: குழியை, அண்ணனின் விரலை, தட்டில் விழும் துணியை. பெரியவருக்கும் அந்தப் பார்வை தெரியும். நேற்று வைத்த துணியை எடுக்கும்போது தம்பியின் பக்கமாகத் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் குப்பையில் போடுவார்.

ஒரு நாள் துணி பழையபடி உள்ளே போகவில்லை. குழியின் அடி மேலே ஏறியிருந்தது. சிவப்பாக, பொடிப்பொடியாக, நல்ல சதை. ஒரு சர்ஜன் பார்த்து மகிழ வேண்டிய நிறம். பெரியவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். துணியைக் கொஞ்சம் அழுத்தி அடைத்தால் நேற்றைய அளவு போகும். யாருக்கும் தெரியாது, அக்காவுக்குப் பின்னால் கண்ணாடி கிடையாது.

"நேத்து இதைவிட அதிகமா வச்சீங்கல்ல அண்ணா?" என்றார் சின்னவர்.

தலையணையில் அக்கா மூச்சை அடக்கிக்கொண்டது தெரிந்தது.

"ஆமா" என்றார் பெரியவர். "ஆறிக்கிட்டு வருது."

மிச்சத் துணியை வெட்டித் தம்பி நீட்டிய தட்டில் போட்டார்.